செரிமானப் பொடி: டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

“ஹஜ்ரத், திரிபலா பொடி தினமும் சாப்பிடலாமா?” “அரிஷ்டம் குடிப்பது கூடுமா?” “நோன்பு நாளில் சூரணத்தை எப்போது எடுப்பது?” மார்க்கச் சட்டம் கேட்க வருபவர்களில் பலர் இப்போது இப்படிப்பட்ட கேள்விகளோடும் வருகிறார்கள். செல்லூரில் மட்டுமல்ல, மதுரையின் எந்த மஹல்லாவிலும் இதே நிலைதான். வீட்டு அலமாரியில் ஒரு பொடி டப்பா இருக்கிறது. யாரோ சொன்னார்கள், வாங்கினோம், சாப்பிடுகிறோம். அதற்குள் என்ன இருக்கிறது, எதற்காக, எத்தனை நாள் என்பது வாங்கியவருக்கே தெரியவில்லை.

நான் வைத்தியர் அல்ல. இந்தக் கட்டுரை மருந்துச் சீட்டும் அல்ல. மருத்துவ நூல்களிலும் அரசு விதிகளிலும் உள்ள அடிப்படைச் செய்திகளையும், அவற்றோடு தொடர்புடைய மார்க்க விளக்கங்களையும் நம் குடும்பங்களுக்குப் புரியும்படி தொகுத்துச் சொல்வதே நோக்கம். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான்: செரிமானப் பொடி என்பது உணவு அல்ல, மருந்து. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு, நாள் கணக்கு உண்டு, எடுக்கக் கூடாதவர்களும் உண்டு.

ஒரே பெயரில் மூன்று வகை

கடைக்குப் போய் “வயிற்றுக்கு ஒரு பொடி கொடுங்கள்” என்று கேட்டால், மூன்று விதமான பொடிகளில் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம்.

முதலாவது, திரிபலா சூரணம். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் ஆகிய மூன்றின் தூள். மலத்தை மென்மையாக இளக்குவது இதன் வேலை.

இரண்டாவது, வாயுவுக்கான பொடி. ஆயுர்வேதத்தில் ஹிங்வாஷ்டக சூரணம் என்பார்கள். சித்த மருத்துவத்தில் இதை ஒத்தது அஷ்ட சூரணம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம், இந்துப்பு என எட்டுப் பொருட்கள். சாப்பிட்டபின் வயிறு உப்புவது, பசி எடுக்காமல் மந்தமாக இருப்பது ஆகியவற்றுக்கு இது.

மூன்றாவது, பேதிப் பொடி. இதில் முக்கியப் பொருள் நிலாவாரை இலை. நிலவாகை என்றும் சொல்வார்கள். இது குடலைத் தூண்டி மலத்தைத் தள்ளும்.

இம்மூன்றும் ஒன்றல்ல. ஆனால் டப்பாவின் முன்பக்கத்தில் மூன்றிலும் ‘செரிமானத்துக்கு’, ‘வயிறு சுத்தமாக’ என்றே எழுதியிருக்கும். முதல் வகை என்று நினைத்து மூன்றாம் வகையை வருடக்கணக்கில் சாப்பிட்டு வருபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதனால்தான் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்கச் சொல்கிறோம்.

பாக்தாத் வரை போன திரிபலா

திரிபலா நமக்கு அந்நியமான மருந்து என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. யூனானி மருந்துக் கடையில் ‘இத்ரீஃபல்’ என்று ஒரு லேகிய வகை விற்பார்கள். ‘திரிபலா’ என்ற சமஸ்கிருதச் சொல்லே பாரசீகம் வழியாக அரபிக்குப் போய் ‘இத்ரீஃபல்’ ஆனது. கடுக்காய்க்கு அரபியில் இஹ்லீலஜ், தான்றிக்காய்க்கு பலீலஜ், நெல்லிக்காய்க்கு அம்லஜ் என்று பெயர்.

அப்பாஸிய கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் காலத்தில் (ஆட்சி 786 முதல் 809 வரை) இந்திய மருத்துவர்கள் பாக்தாதில் இருந்தார்கள். இந்திய மருத்துவ நூல்கள் அங்கே மொழிபெயர்க்கப்பட்டன. அலீ இப்னு ஸஹ்ல் ரப்பான் அத்தபரீ 850-ஆம் ஆண்டு எழுதி முடித்த ‘ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா’ என்ற நூலில் இந்திய மருத்துவத்துக்கென்றே தனிப் பகுதி உண்டு. இப்னு ஸீனாவின் ‘அல்கானூன்’ நூலிலும் இத்ரீஃபல் இடம்பெறுகிறது. அறிவு எந்த மண்ணில் விளைந்தாலும், அது பயன்தரும் என்றால் ஏற்றுக்கொண்டவர்கள் நம் முன்னோர். அதே சமயம் அவர்கள் அதை அளந்து, சோதித்து, எழுதி வைத்த பிறகே கொடுத்தார்கள். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டோம்.

திரிபலா என்ன செய்கிறது?

கடுக்காயில் துவர்ப்புத் தன்மை தரும் டானின் என்ற பொருள் அதிகம். நெசவும் சாயமும் அறிந்த செல்லூர்க்காரர்களுக்குக் கடுக்காய் புதிதல்ல. இயற்கைச் சாயம் ஏற்றும் முன் நூலைக் கடுக்காய் நீரில் ஊற வைப்பது பழைய முறை. அந்த டானின்தான் சாயம் துணியைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. அதே கடுக்காயில் குடலை லேசாகத் தூண்டும் பொருட்களும் உள்ளன. ஆகவே சரியான அளவில் எடுத்தால் மலம் இளகும்.

மூன்றையும் கொட்டை நீக்கி, உலர்த்தி, தூளாக்கிச் சம அளவில் கலப்பதே வழக்கமான முறை. சில வைத்தியர்கள் நெல்லியைக் கூட்டி, கடுக்காயைக் குறைத்துக் கலப்பதும் உண்டு. கடுக்காய்க்கு உள்ளே நஞ்சு, சுக்குக்கு வெளியே நஞ்சு என்று நம் பாட்டிமார்கள் சொல்வது இந்தக் கொட்டையை நீக்குவதைத்தான்.

வைத்தியர்கள் பெரும்பாலும் பெரியவர்களுக்கு 3 முதல் 5 கிராம், அதாவது சுமார் ஒரு டீஸ்பூன், இரவு படுக்கும் முன் வெந்நீரில் எடுக்கச் சொல்வார்கள். முதன்முறை எடுப்பவர் அரை டீஸ்பூனில் தொடங்குவது நல்லது. காலையில் வயிறு இலேசாகக் கழிந்தால் அளவு போதும். தண்ணீராகப் போனாலோ, வயிறு முறுக்கினாலோ அளவு அதிகம் என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். வைத்தியர் உங்களைப் பார்த்துச் சொன்ன அளவு இருந்தால் அதுவே முதன்மை.

திரிபலாவைப் பற்றி மனிதர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. மலச்சிக்கலைத் தளர்த்த அது உதவலாம் என்று சொல்ல இடமுண்டு. புற்றுநோயைக் குணமாக்கும், சர்க்கரையை ஒழிக்கும், கண்ணாடியைக் கழற்ற வைக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருபவற்றுக்கு அந்த ஆய்வுகள் ஆதாரமாகா.

வாயுப் பொடி

அஷ்ட சூரணத்தில் உள்ளவை பெரும்பாலும் நம் அஞ்சறைப் பெட்டியில் இருப்பவையே. ஹதீஸில் சிறப்பித்துச் சொல்லப்பட்ட கருஞ்சீரகமும் அதில் ஒன்று. முதல் கவளச் சோற்றில் அரை டீஸ்பூன் பொடியும் சிறிது நெய்யும் கலந்து சாப்பிடுவது மரபு. கல்யாண வீட்டு பிரியாணிக்குப் பின் வயிறு கனத்துக் கிடப்பவருக்கு இது இதமாக இருக்கும்.

ஆனால் இதிலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இதில் இந்துப்பு இருக்கிறது. இந்துப்பும் உப்புதான். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் உள்ளவர்கள் தினமும் எடுக்கக் கூடாது. அடுத்து, மிளகும் திப்பிலியும் சுக்கும் காரமானவை. வயிற்றில் புண் உள்ளவருக்கு எரிச்சலைக் கூட்டும். ‘கேஸ்’ என்று நாம் சொல்லும் பல தொந்தரவுகள் உண்மையில் இரைப்பைப் புண்ணாக இருக்கும். ‘ஹெலிகோபாக்டர் பைலோரி’ என்ற கிருமிதான் பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கிருமியைப் பரிசோதனையில் கண்டுபிடித்து, சில வார மருந்தில் ஒழிக்க முடியும். பொடி அதை ஒழிக்காது. வலியைச் சற்று மறக்க வைத்து நாளைக் கடத்தும், அவ்வளவுதான்.

நிலாவாரை: நல்ல மருந்து, நீண்ட பழக்கம் ஆகாது

நிலாவாரையை அரபியில் ‘ஸனா’ என்பார்கள். யூனானியில் ‘சனா மக்கி’. நபிமொழித் தொகுப்புகளில் இதன் பெயர் வருவதை நம்மில் பலர் அறிவோம். நம் தென்மாவட்டங்களுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. உலக மருந்துச் சந்தையில் இதற்கு இரண்டு பெயர்கள்: ஒன்று அலெக்சாண்டிரியா சென்னா, மற்றொன்று ‘டின்னவெல்லி சென்னா’, அதாவது திருநெல்வேலி நிலாவாரை. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் பக்கத்து வறண்ட நிலங்களில் விளைந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. ஆங்கில மருத்துவ மலச்சிக்கல் மாத்திரைகள் சிலவும் இந்த இலையிலிருந்துதான் செய்யப்படுகின்றன.

நிலாவாரையில் உள்ள சென்னோசைடு என்ற பொருள் பெருங்குடலில் உள்ள கிருமிகளால் மாற்றமடைந்து, குடலின் தசைகளைத் தூண்டுகிறது. இரவில் எடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். ஓரிரு நாள் மலச்சிக்கலுக்கு இது நல்ல மருந்து. ஆனால் மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்பதே பொதுவான மருத்துவ அறிவுரை.

ஏன்? தொடர்ந்து வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடம்பிலிருந்து நீரும் பொட்டாசியமும் வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். நீர் பிரியும் மாத்திரை, இதயத்துக்கான சில மாத்திரைகள் சாப்பிடும் முதியவர்களுக்கு இது ஆபத்து. இன்னொன்று, பொடி இல்லாவிட்டால் மலமே போகாது என்ற நிலைக்கு மனமும் பழகிவிடும். நபிமொழியில் பெயர் வந்திருப்பதால் அளவின்றி எடுக்கலாம் என்று பொருள் அல்ல. தேனும் மருந்துதான். அதற்காகச் சர்க்கரை நோயாளிக்குக் குடம் குடமாகக் கொடுப்போமா?

டப்பாவின் பின்பக்கத்தில் நிலாவாரை என்று தமிழில் இருக்காது. சென்னா, சனாய், ஸ்வர்ணபத்ரி, சோனாமுகி, மார்க்கண்டிகா, காசியா அங்கஸ்டிஃபோலியா இவற்றில் ஏதேனும் ஒரு பெயரில் இருக்கும். திரிபலாவின் மூன்று பொருட்களோ ஹரீதகி, பிபீதகி, ஆமலகி என்ற பெயர்களில் இருக்கும். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் டப்பாவைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மார்க்கக் கேள்விகள்

மருந்து எடுப்பது தவக்குலுக்கு மாற்றமானது அல்ல. நோயைத் தந்த இறைவன் அதற்குரிய மருந்தையும் தந்திருக்கிறான், மருத்துவம் செய்துகொள்ளுங்கள், ஹராமானதைக் கொண்டு மருத்துவம் செய்யாதீர்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். தாவரத்திலிருந்து செய்த சூரணம் அடிப்படையில் ஆகுமானதே. அதைச் செய்தவர் எந்தச் சமயத்தவர் என்பது சட்டத்தை மாற்றாது. பொருளில் என்ன கலந்திருக்கிறது என்பதே கேள்வி.

அரிஷ்டம், ஆஸவம் ஆகியவை வேறு. இவை புளிக்க வைத்துத் தயாரிக்கப்படுபவை. புளிக்கும்போது தானாகவே ஆல்கஹால் உருவாகும். அந்த அளவு பாட்டிலின் லேபிளிலேயே அச்சிடப்பட்டிருக்கும். வேறு வழியே இல்லாத கட்டாய நிலையில் மருந்தாக எடுப்பது பற்றி உலமாக்களிடையே விரிவான விளக்கங்கள் உண்டு. ஆனால் சாதாரண செரிமானக் கோளாறுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதே பயனுக்குச் சூரணமும் கஷாயமும் இருக்கின்றன. வைத்தியரிடம் “அரிஷ்டம் வேண்டாம், சூரணமாகவோ கஷாயமாகவோ எழுதுங்கள்” என்று கேட்டால் எழுதிக் கொடுப்பார். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

கேப்ஸ்யூல் வடிவில் வாங்கினால் அதன் உறை ஜெலட்டினா, தாவரப் பொருளா என்று பாருங்கள். தாவர உறை என்று எழுதியதையோ, வெறும் பொடியையோ வாங்குவது பேணுதலானது.

நோன்பு நாளின் பகலில் வாய் வழியே மருந்து எடுத்தால் நோன்பு முறிந்துவிடும். ஆகவே இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில்தான் எடுக்க வேண்டும். மலம் இளக்கும் பொடியை ஸஹரில் எடுப்பது சரியல்ல. பகலில் நீர் குடிக்க முடியாத நிலையில் வயிறு போனால் உடல் வறண்டுவிடும். தராவீஹ் முடிந்து வந்து, தண்ணீர் நிறையக் குடித்து, அதன்பின் எடுப்பதே பொருத்தம். நோன்பில் மலச்சிக்கல் வருவதற்குக் காரணமே தண்ணீர்க் குறைவும் சமோசா, வடை, பஜ்ஜியும்தான். நோன்புக் கஞ்சியை ஒரு குவளை கூட்டி, எண்ணெய்ப் பண்டத்தை இரண்டு குறைத்தால் பலருக்குப் பொடியே தேவைப்படாது.

யார் எடுக்கக் கூடாது?

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் மருத்துவர் சொல்லாமல் திரிபலாவோ நிலாவாரையோ எடுக்கக் கூடாது. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: டானின் இரும்பை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும். இரண்டையும் ஒரே வேளையில் எடுத்தால் மாத்திரை வீணாகும். நம் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் ஏராளம் என்பதால் இது சிறு விஷயம் அல்ல.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் பொடியைக் காட்டிக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். யூனானி இத்ரீஃபலில் தேனோ சர்க்கரையோ சேர்ந்திருக்கும் என்பதையும் சர்க்கரை நோயாளிகள் மறக்கக் கூடாது. ஏற்கெனவே வயிற்றுப்போக்கு உள்ளவருக்கும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவருக்கும் இந்தப் பொடிகள் வேண்டாம்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், வசம்பு முதலியவற்றைக் கல்லில் உரைத்துப் பச்சிளம் குழந்தைக்குப் புகட்டும் உரை மருந்துப் பழக்கம் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. பாட்டியின் அன்பை மதிப்போம். ஆனால் குழந்தையின் வயிற்றுக்கு மருந்து என்றால் குழந்தை மருத்துவரிடமே போவோம்.

முதியவர்களின் மலச்சிக்கலுக்கு அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளே காரணமாக இருக்கலாம். இரும்புச் சத்து மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், சில வலி மாத்திரைகள் மலத்தை இறுக்கும். தைராய்டு குறைவாக இருந்தாலும் அப்படியே. அத்தாவுக்கோ நன்னாவுக்கோ பொடி வாங்கும் முன், அவர்களுடைய மாத்திரைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

எங்கே, எப்படி வாங்குவது?

2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேத மருந்துகள் 70-ஐ ஆய்வு செய்து, அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியிட்டார்கள். அவற்றில் 14-இல், அதாவது ஐந்தில் ஒன்றில், ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ‘மூலிகை என்றால் பக்கவிளைவே கிடையாது’ என்ற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு இது ஒன்றே போதும். எல்லா மருந்தும் கெட்டது என்பதல்ல இதன் பொருள். எங்கே செய்தது, யார் பொறுப்பு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகளுக்கும் பொருந்தும். உரிமம் பெற்றுச் செய்த மருந்தின் டப்பாவில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, சேர்மானங்கள் ஆகியவை இருக்கும். சில பொடிகளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் எண் மட்டும் இருக்கும். அது உணவுப் பொருளுக்கான உரிமம், மருந்துக்கானது அல்ல. இரண்டும் இல்லாமல் வெறும் பாலித்தீன் பையில், கைபேசி எண் மட்டும் ஒட்டி விற்பதை வாங்கவே வேண்டாம். ‘எங்கள் பொடி சாப்பிட்ட ஒரே வாரத்தில் எல்லா நோயும் போய்விடும்’ என்று சொல்பவரிடம் குறிப்பாக வாங்க வேண்டாம். பல வருட நோய் ஒரே வாரத்தில் பறந்தால், அதில் சொல்லாத ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

தமிழக அரசின் டாம்ப்கால் நிறுவனமும், 1944-இல் தொடங்கிய வைத்தியர்களின் கூட்டுறவு நிறுவனமான இம்ப்காப்ஸும் இந்த மருந்துகளைத் தயாரிக்கின்றன. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு இருக்கிறது. அங்கே பட்டம் பெற்ற மருத்துவர் நாடி பார்த்து, கேள்வி கேட்டு, இலவசமாகவே மருந்து தருவார். இவ்வளவும் இருக்க, முகம் தெரியாதவர் அனுப்பிய பொட்டலம் எதற்கு?

வீட்டிலேயே அரைப்பவர்கள் நாட்டு மருந்துக் கடையில் முழுக் காயாக வாங்கி, பூச்சி, பூஞ்சணம் பார்த்து, கழுவி, நன்றாகக் காயவைத்து, கொட்டை நீக்கி, சிறிதளவே அரைத்துக்கொள்ளுங்கள். அரைத்த நாளை டப்பாவில் எழுதுங்கள். ஈரக் கரண்டி போடக் கூடாது. கட்டி கட்டியான, வாடை மாறிய பொடியைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

பொடியைக் கையில் எடுக்கவே கூடாத நேரம்

இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

“வாயுனுதான் நினைச்சோம் ஹஜ்ரத், பெருங்காயம் கரைச்சுக் கொடுத்தோம், சோடா வாங்கிக் கொடுத்தோம்.” ஜனாஸா வீடுகளில் காதில் விழும் வார்த்தைகள் இவை. நெஞ்சில் அழுத்தம், எரிச்சல், மேல் வயிற்றில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவும் வலி: இவை மாரடைப்பின் அறிகுறிகள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் ‘கேஸ்’ போலவே வரக்கூடும். அந்த நேரத்தில் பொடி தேடாதீர்கள், ஓமத் தண்ணீர் காய்ச்சாதீர்கள். 108-ஐ அழையுங்கள். செல்லூர்வாசிகளுக்கு அரசு இராசாசி மருத்துவமனை கோரிப்பாளையம் பக்கத்தில், கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இதயத் தசைக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. ஈ.சி.ஜி. எடுத்து ‘வாயுதான்’ என்று மருத்துவர் சொல்லட்டும். அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பி வருவோம். அதில் நமக்கு நட்டம் இல்லை.

அடுத்தது, மலத்தில் ரத்தம். பார்த்தவுடன் ‘மூலம்’ என்று நாமே முடிவு கட்டிக் கடுக்காய்ப் பொடியைத் தொடங்கிவிடுகிறோம். மூலமாகவும் இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். பார்க்காமல் தெரியாது. ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்தக்கூடிய நோய், பொடி சாப்பிட்ட மாதங்களில் முற்றிவிடும். தார் போலக் கறுத்த மலம், காரணமின்றி எடை குறைவது, விழுங்கச் சிரமம், தொடர் வாந்தி, மலம் கழிக்கும் வழக்கம் திடீரென மாறி 3 வாரங்களுக்கு மேல் நீடிப்பது, கடும் வயிற்று வலியோடு காற்றுகூடப் பிரியாமல் இருப்பது: இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர், பிறகுதான் மற்றவை. கடைசியாகச் சொன்னது இருந்தால் அன்றைக்கே, அந்த மணியே போக வேண்டும்.

நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இத்தகைய தொந்தரவுகளைச் சொல்லக் கூச்சப்பட்டு, பொடியிலேயே காலம் தள்ளுபவர்களில் பெண்களே அதிகம். பெண் மருத்துவரைத் தேடிப் போகலாம். அவர் கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்டிச் சிகிச்சை பெறுவதை மார்க்கம் தடுக்கவில்லை. உடன் கணவரோ தாயோ போகட்டும். வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் அது உயிரைக் காப்பாற்றத் தடையாக நிற்கும் வெட்கம் அல்ல.

பொடிக்கு முன்னால் தட்டு

மதுரை தூங்காத ஊர். இரவு 11 மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும், அதன்மேல் ஒரு ஜிகர்தண்டாவும். விடிந்ததும் ‘வயிறு சரியில்லை’ என்று பொடி. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தும், 400 கிராம் காய்கனியும் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கீரை, அவரை, கொண்டைக்கடலை, கொய்யா, பேரீச்சம்பழம், கேழ்வரகு ஆகியவற்றிலிருந்து அதைப் பெறலாம். பிரியாணி சாப்பிட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தயிர் வெங்காயத்தைத் தொட்டுக்கொள்ளும் அளவில் வைக்காமல், காய்கறி கலந்து ஒரு கிண்ணமாக வையுங்கள்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிவழியை பயான்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதை ஒரு மாதம் கடைப்பிடித்துப் பாருங்கள்.

மலம் வரும் உணர்வை அடக்காதீர்கள். இயற்கைத் தேவையை அடக்கிக்கொண்டு தொழுவதையே மார்க்கம் விரும்பவில்லை. கடையில் ஆள் இல்லை, தறியை நிறுத்த முடியாது, வண்டி ஓட்டுகிறேன் என்று அடக்குவதே பலருக்கு மலச்சிக்கலின் தொடக்கம். பள்ளிக்கூடக் கழிப்பறை சரியில்லை என்று நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்பிள்ளைகள் நம் வீடுகளில் உண்டு. அவர்களிடம் கேளுங்கள். பெற்றோர் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசுங்கள். எந்தச் சூரணத்தையும் விட அது அவர்களுக்கு உதவும்.

இவ்வளவும் செய்தும் மலம் இறுகினால், சில நாட்களுக்குத் திரிபலா எடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை என்றால், டப்பாவை மாற்றாமல் மருத்துவரிடம் போங்கள். ஆங்கில மருத்துவரோ, பட்டம் பெற்ற ஆயுர்வேத, சித்த, யூனானி மருத்துவரோ, யாரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் எல்லாப் பொடிகளையும் மாத்திரைகளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக, பகிர்பவர்களுக்கு. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்து, அதனால் தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பு என்பது நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. நல்லெண்ணத்தில் அனுப்பும் ‘அனுபவ வைத்தியம்’ ஒருவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்தால், அந்தப் பொறுப்பில் நமக்கும் பங்கு உண்டு. பொடி பற்றிய செய்தி வந்தால் அனுப்பும் முன் ஒரு வைத்தியரிடம் கேளுங்கள். முடியாவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதை அறிவோடு பேணும் நல்வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.